முதலீட்டுக் குழுக்களுக்கும் வேண்டும் சங்க ஒழுங்கு

இலங்கையில் பங்கு வியாபாரம் தோன்றியதே பெருந்தோட்டங்களுக்காகத்தான். 1896ஆம் ஆண்டு கொழும்பில் அமைக்கப்பட்ட பங்குத் தரகர் சங்கம், தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டும் பொருட்டே அவற்றின் பங்குகளைக் கைமாற்றத் தொடங்கியது. ஆயினும் அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களுக்கும் அந்தச் சந்தைக்கும் நெடுங்காலம் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார்மயப்படுத்தப்பட்டபோது, பங்குகளில் 10 வீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. பங்கு என்றால் என்ன, அதை வைத்திருப்பதா விற்பதா என்று கூடிப் பேசி முடிவெடுப்பதற்கான களம் லயன்களில் அன்று உருவாக்கப்படவில்லை என்பதே நமது ஆதங்கம்.

இன்று நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டிலிருந்து கைத்தொலைபேசி மூலமே பங்குக் கணக்கை ஆரம்பிக்க முடிகிறது. பசறைக்கும் பிபிலைக்கும் இடையிலுள்ள லுணுகலையில் இருந்துகொண்டே ஒருவர் கொழும்புச் சந்தையில் பங்கு வாங்கலாம். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2025இல் 20,000 புள்ளிகளைக் கடந்ததும், இதில் நாட்டம் கொண்டோர் கைத்தொலைபேசிக் குழுக்களாகத் திரள்வதும் வியப்புக்குரியதல்ல. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பத்துப் பேரின் பேச்சுக்குப் பழக்கமும் கூச்சமுமே காவல். ஐந்நூறு பேரின் பேச்சுக்கு விதிகளே காவல். அந்த விதிகள் இல்லாத இடத்தில் உரத்த குரலே உண்மையாகிவிடுகிறது.

அதன் விளைவை நாடு கண்டிருக்கிறது. எம்.ரி.எப்.ஈ. என்ற செயலித் திட்டம் வங்காளதேசத்திலும் இலங்கையிலும் மேலும் பல நாடுகளிலும் ஏராளமானோரின் பணத்தை விழுங்கி 2023 ஓகஸ்டில் சரிந்தது. இத்தகைய திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு தடைசெய்கிறது. மத்திய வங்கியும் பெயர் குறிப்பிட்டு எச்சரித்தது. ஆயினும் இவை விளம்பரத்தைக் காட்டிலும் உறவினர், அயலவர், நண்பர் என்ற நம்பிக்கையின் வழியாகவே பரவுகின்றன. 'எனக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்' என்ற ஒரு வசனமே போதுமாகிறது. கேள்வி கேட்பவர் பொறாமைக்காரர் எனப் பழிக்கப்படுகிறார்.

இதற்கு மாற்று என்ன? தோட்ட மக்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கங்களை அவர்கள் நடத்தி வருகிறார்கள். அங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. கூட்டக் குறிப்பு உண்டு. கணக்கு அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். சந்தா செலுத்திய எவரும் எழுந்து கேட்கலாம். முதலீடு பற்றிய கலந்துரையாடலுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

முதலாவதாக, தகவலும் அபிப்பிராயமும் பிரிக்கப்பட வேண்டும். ஒரு கம்பனியின் காலாண்டு அறிக்கையில் உள்ளது தகவல். அதன் விலை உயரும் என்பது அபிப்பிராயம். இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து பேசினால் புதியவர் ஏமாறுவார். இரண்டாவதாக, ஒரு பங்கைப் பரிந்துரைப்பவர், தம்மிடம் அந்தப் பங்கு இருக்கிறதா என்பதை முதலில் சொல்ல வேண்டும். தாம் விற்பதற்காகவே பிறரை வாங்கத் தூண்டுவது சந்தையின் பழைய தந்திரம். மூன்றாவதாக, சொன்னவை திகதியிட்டுப் பதியப்பட வேண்டும். பலித்ததை மட்டும் நினைவூட்டிப் பொய்த்ததை மறைப்பதற்கு அப்போது இடமிராது. நான்காவதாக, ஆரம்ப நிலைக் கேள்விகளுக்கென ஒரு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலந்துரையாடும் குழு பணம் திரட்டும் குழுவாக மாறக்கூடாது. அனுமதிப்பத்திரமின்றிப் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதி வியாபாரச் சட்டம் தடுக்கிறது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் பியர்ட்ஸ்ரவுன் பெண்கள் முதலீட்டுக் கழகம் சான்று. 1984 முதல் 1993 வரை ஆண்டுக்குச் சராசரியாக 23.4 வீத இலாபம் ஈட்டியதாகக் கூறி அவர்கள் உலகப் புகழ் பெற்றனர். 1998இல் கணக்காய்வு நடந்தபோது உண்மை இலாபம் 9.1 வீதமே எனத் தெரியவந்தது. உறுப்பினர் செலுத்திய மாதச் சந்தாவும் இலாபத்தோடு சேர்ந்து எண்ணப்பட்டிருந்தது. அவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர்; கணக்கை வெளியார் ஒருவர் சரிபார்க்காததே பிழையை வளர்த்தது.

லுணுகலைக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. கம்பனி அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகளும் ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை ஓர் அறிக்கையையேனும் தமிழில் வாசித்து விளக்கினால், அது எந்த இரகசியத் தகவலிலும் மேலான முதலாக அமையும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்வதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் அறிவோம். அவ்வாறு பெற்ற சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தையும், ஓய்வுபெறும்போது கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதியையும் எவரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் ஒப்படைப்பது தகாது.