சோறு மாறவில்லை, வாழ்க்கை மாறிவிட்டது

இனிப்பு நீர் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் முதல் பழி சோற்றின் மீதுதான் விழுகிறது. நம் தாத்தா பாட்டியும் தோட்டத்தில் சோறுதான் சாப்பிட்டார்கள். அப்படியென்றால் எது மாறியது?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால், 2006இல் நாட்டின் விகிதம் 11.6 விழுக்காடாகத்தான் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் பரம்பரை மாறிவிடாது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களின் உடம்பு அந்தச் சோற்றைச் செலவழித்தது. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் இருந்தன. கோழி, ஆடு, மாடு வளர்த்தார்கள். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. வறுமையும் இரத்தசோகையும் சத்துக் குறைந்த பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

பிறகு தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. இன்றைய புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பெராங் புசார் ரப்பர் தோட்டமும் இருந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நான்காவது மாடியில் முருங்கை வளராது. வீட்டைச் சுற்றிக் கிடைத்தது எல்லாம் காசு கொடுத்து வாங்குவதாக ஆனது.

அடுத்தது நேரம். தொழிற்சாலையில் ஷிப்டு, காவல் வேலையில் பன்னிரண்டு மணி நேரம், போக வர மோட்டார் சைக்கிள். கீரை ஆய்ந்து சமைக்க யாருக்கு நேரம்? பசியாறுவது கடையில் ரொட்டி சானாய், தே தாரிக் என்றானது. இரவுக்கு மேகி மீ. உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை, அதற்கு மேல் இவையும் சேர்ந்துகொண்டன.

விலையும் ஒரு பக்கம் இழுத்தது. சீனிக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை 2013இல்தான் நிறுத்தப்பட்டது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் உதவித்தொகையால் 2 வெள்ளி 50 சென்னுக்குக் கிடைக்கிறது. மீனும் காய்கறியும் அப்படி இல்லை. கையில் பத்து வெள்ளி இருக்கும் தாய், பிள்ளைகளின் வயிறு நிறைவதைத்தான் முதலில் பார்ப்பார்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க ஆய்வாளர் பேரி பாப்கின், வளரும் நாடுகளில் இதே போக்கு இருப்பதை 1990களிலேயே எடுத்துக்காட்டினார். வருமானம் உயர்ந்து மக்கள் நகரத்துக்குப் போகும்போது, தானியமும் பருப்பும் குறைந்து எண்ணெய், சீனி, பதப்படுத்திய உணவு கூடுகின்றன. சீனாவிலும் மெக்சிகோவிலும் இதுதான் நடந்தது.

ஆகவே, “வாயைக் கட்டு” என்று நோயாளியைத் திட்டுவதால் மட்டும் பயனில்லை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் வரி விதிக்கப்படுகிறது. ஆனால், கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி இல்லை. அங்கே “குராங் மானிஸ்” என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்கிறது சுகாதார அமைச்சு. நம் சமையலுக்கு இது புதிதல்ல. சாம்பாரும் கீரைக் கூட்டும் நம்முடையவை. அளவைத்தான் திருப்பிப் போட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் கீரை போட அனுமதி கேட்பதைக் குடியிருப்பாளர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசலாம். சோர்வு, அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் போவது போன்ற அறிகுறிகள் வரும்வரை காத்திருக்காமல், அரசாங்க கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது.