கனிந்த வாழைப்பழம், ஒரு கிண்ணம் ஓட்ஸ்

தோலெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தை வீட்டில் யாரும் தொடுவதில்லை. காலை உணவுக்குக் குக்கீஸ் சுடுகிறவர்கள் தேடுவதோ அந்தப் பழத்தைத்தான். காய் பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே வரும். புள்ளி விழுந்த பழத்தில் அந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்திருக்கும். இனிப்பும் கூடுதல், முள்கரண்டியால் மசித்தால் கட்டி தட்டாமல் கூழாகவும் வரும். மாவைப் பிணைக்கிற வேலையோடு, சர்க்கரையின் வேலையில் ஒரு பகுதியையும் அந்தப் பழமே பார்த்துக்கொள்கிறது.

டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும் இந்தக் குக்கீக்கும் உறவு குறைவு. அது மைதா, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் சேர்ந்த பண்டம். காலைக்கான குக்கீயில் பெரும்பகுதி பழமும் ஓட்ஸும்தான், மாவு குறைவு. கடித்தால் மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு வரவில்லையே என்று இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் விட்டால் மொறுமொறுப்பும் வராது, பல்லும் இறங்காது.

ஓட்ஸைக் குக்கீயில் போடும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேல் பழையது. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் ஓட்ஸ் குக்கீ செய்முறை இருக்கிறது. அதே காலத்தில்தான் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில், ஜான் ஹார்வி கெல்லாக் தம்முடைய சிகிச்சை இல்லத்து நோயாளிகளுக்காக வேகவைத்த தானியத்தை உருளைகளுக்கு நடுவே விட்டு இதழாக்கி, காயவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் கோதுமை, பிறகுதான் சோளம். தம்பி வில் கீத் கெல்லாக் 1906-இல் தனி நிறுவனம் தொடங்கி கார்ன்ஃப்ளேக்ஸை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்.

நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கும் அவலும் இந்த வகைதான். தானியத்தை முன்கூட்டியே பாதி வேகவைத்துத் தட்டையாக்கினால் பிறகு கொஞ்சம் ஈரமும் சூடும் பட்டாலே சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும். ஓட்ஸ் கிடைக்காத வீட்டில் சிவப்பு அவலை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டுச் சேர்த்தால் குக்கீ நன்றாகவே வரும். பொரி மட்டும் வேண்டாம். ஈரம் பட்டதும் அது சவசவத்துப் போகும்.

இந்தக் குக்கீ சரியாக வருவதும் வராததும் ஈரத்தில்தான் இருக்கிறது. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மாம்பழம், அன்னாசியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல். உலர்திராட்சையிலோ ஏறக்குறைய 15 பங்குதான். எதிரே இருக்கிற ஓட்ஸ் காய்ந்த பொருள், ஈரத்தைக் கண்டால் குடிக்கும். ஆனால் உடனே குடிக்காது. மாவைக் கலந்த கையோடு தட்டில் வைத்துச் சுட்டால் வெளியே உதிரும், உள்ளே பிசுபிசுக்கும். கால் மணி நேரம், முடிந்தால் இருபது நிமிடம் மூடிவைக்க வேண்டும். திறந்து பார்த்தால் தெரியும்: சொதசொதவென்று இருந்த கலவை இறுகி, உருண்டை பிடித்தால் நிற்கும். பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

பதினைந்து குக்கீக்கான கணக்கு இது. நன்றாகக் கனிந்த நடுத்தர வாழைப்பழம் இரண்டை மசித்து, உருக்கி ஆறிய வெண்ணெய் 60 கிராம், பொடித்த வெல்லம் 50 கிராம், ஒரு முட்டை சேர்த்து அடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டையும் சேர்த்து, பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் எட்டு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு கைப்பிடி வறுத்து உடைத்த வேர்க்கடலை போட்டுக் கிளறினால் போதும், பிசைய வேண்டாம். பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை கூடி ரப்பர் மாதிரி இழுக்கும்.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டைக் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். முழு இதழாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ்தான் இதற்குத் தோது. உடனடி ஓட்ஸ் மெல்லியதாக நொறுங்கியிருப்பதால் கூழாகிவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் வேகாமல் பல்லில் அரைபடும்.

கார்ன்ஃப்ளேக்ஸும் போடுவதானால் அதைக் கடைசியில் சேர்க்க வேண்டும், அதுவும் பாதியை மட்டும். மாவுக்குள் போனது ஈரத்தைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். அது கெடுதல் அல்ல, மாவை இறுக்கிக் கொடுக்கும். மீதியைக் கையால் லேசாக நொறுக்கி, தட்டிய குக்கீயின் தலையில் அழுத்திவிட்டால் அந்தப் பகுதி மட்டும் சுட்ட பிறகும் நொறுநொறுவென்று நிற்கும். மெத்தும் நொறுக்கும் ஒரே கடியில் வருவதுதான் இந்தக் குக்கீயின் ருசி.

தட்டுவதையும் கையால்தான் செய்ய வேண்டும். கடைக் குக்கீயில் சர்க்கரையும் வெண்ணெயும் நிறைய இருப்பதால் சூட்டில் தானாகவே உருகிப் பரவும். இதில் இரண்டும் குறைவு. உருண்டையாக வைத்தால் உருண்டையாகவே வெந்து வரும். பட்டர் பேப்பர் விரித்த தட்டில், கையை ஈரமாக்கிக்கொண்டு அரை அங்குல கனத்துக்குத் தட்டிவைத்து, பத்து நிமிடம் சூடேற்றிய ஓடிஜி என்ற மின்னடுப்பில் 170 டிகிரி செல்சியஸில் 14 முதல் 16 நிமிடம் சுட வேண்டும். அதற்கு மேல் சூடு ஆகாது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வாசமும் உண்டாவதை 1912-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மையார் விளக்கினார். பழத்திலும் வெல்லத்திலும் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அந்த வினையில் சட்டென்று இறங்குபவை. 190 டிகிரி வைத்தால் உள்ளே வேகுமுன் அடிப்பக்கம் கருகும். வெளியே எடுத்ததும் தொட்டால் உடைகிற மாதிரிதான் இருக்கும். பத்து நிமிடம் தட்டிலேயே விட்டால் இறுகிவிடும்.

ஓடிஜி இல்லாத வீட்டிலும் செய்யலாம். பழைய குக்கரில் உப்பை ஓர் அடுக்காகப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடிச் சூடேற்ற வேண்டும். வெயிட்டோடு மூடுவது ஆபத்து. குக்கருக்குப் பதில் நான்ஸ்டிக் பாத்திரத்தை வைத்து வெறுமனே காயவிடவும் கூடாது. குக்கரில் மேற்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது, ருசியில் குறை இருக்காது.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஆன்சாக் பிஸ்கட் ஒரு வழி காட்டுகிறது. ஓட்ஸ், மாவு, தேங்காய்த் துருவல், சர்க்கரை, வெண்ணெய் சேரும் அதில் முட்டையே கிடையாது. கோல்டன் சிரப் என்ற கெட்டிப் பாகுதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. நம் வீட்டில் அந்த வேலையை வெல்லப்பாகு செய்யும். வெல்லப்பொடிக்குப் பதில் அதே அளவு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, கம்பிப்பதத்துக்கு முன்பே இறக்கி ஆறவைத்துச் சேர்த்தால் முட்டை இல்லாத குறை தெரியாது. கோதுமை மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவோ சத்துமாவோ போட்டாலும் நல்லதுதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் கோதுமையின் பிடிமானம் அதில் கிடையாது. முழுக்க மாற்றுகிறவர்கள் முட்டையையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது.

சத்து விஷயத்தில் நேராகப் பேசிவிடலாம். வெல்லமும் தேனும் போட்டால் சர்க்கரை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் இனிப்புக்காகச் சேர்க்கும் தேனையும் பாகையும் சர்க்கரைக் கணக்கிலேயே வைக்கிறது. வெல்லத்துக்கும் அதே கணக்குத்தான். முழுப் பழத்தில் இயல்பாக உள்ள இனிப்பு அந்தக் கணக்கில் வராது. மொத்த ஆற்றலில் இந்தச் சேர்த்த சர்க்கரை பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஐந்து சதவீதம் என்பது 25 கிராம். மேலே சொன்ன கணக்கில் ஒரு குக்கீக்கு வெல்லம் மூன்றரை கிராமுக்கும் குறைவு. இரண்டு சாப்பிட்டாலும் ஏழு கிராமைத் தொடாது.

ஓட்ஸின் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து, நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு சேர்ந்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று விளம்பரப்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. இரண்டு குக்கீயில் இருப்பது 20 கிராம் ஓட்ஸ். அதிலிருந்து வரும் பீட்டா குளூக்கன் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம். ஒரு டம்ளர் பாலோ ஒரு முட்டையோ கூட இருந்தால், பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும் காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளை கிளம்பாமல் இருக்கும். அது சின்ன விஷயமல்ல.

பழ ஈரம் உள்ள பண்டம் என்பதால் பிஸ்கட் டப்பாவில் வாரக்கணக்கில் வைக்க முடியாது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வெளியே ஒரு நாள், ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள். அதைவிட நல்ல வழி, தட்டிய மாவைச் சுடாமலே தட்டோடு ஃப்ரீசரில் இறுகவைத்து, பிறகு டப்பாவில் அடுக்கிவைப்பது. வேண்டியபோது வேண்டிய எண்ணிக்கையை எடுத்து, உருகக் காத்திருக்காமல் அப்படியே சூடான ஓடிஜியில் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.