பழைய பிஸ்டனைக் கொண்டு வாருங்கள்

கரையோர ஊர்களில் எஞ்சின் தோணி வைத்திருப்பவருக்கு பிஸ்டன் போவது வெறும் ரிப்பேர் செலவல்ல. தொழில் இல்லாத நாட்கள், மீன் முதலாளியிடம் வாங்கிய முற்பணம், சில வேளை நடுக்கடலில் உயிராபத்து. உதிரிப்பாகக் கடை நடத்தும் நான் இதனை விளங்கிக்கொள்ளத் தாமதமாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னர் தம்பி ஒருவர் தனது 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பிஸ்டன் வாங்கிச் சென்றார். மூன்றாம் கிழமை திரும்பி வந்து, "காக்கா, நீங்க தந்த சாமான் சரியில்ல போல" என்றார். சாமான் நல்லதென்று வாதாடி, இன்னொன்றை விற்றேன். அதுவும் இறுகியது. அடுத்த முறை அவர் வாதாடவில்லை. மனைவியின் காப்பை அடகு வைத்த காசோடு வந்து நின்றார். அன்றுதான், "பழைய பிஸ்டனைக் கொண்டு வாங்க தம்பி" என்றேன்.

புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் ஆழமான கீறல்கள், மறுபக்கம் சுத்தம். அது அதிக சூட்டின் அடையாளம். எஞ்சின் ஓடும்போது பக்கத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று கேட்டேன். "கொஞ்சம் குறைவுதான்" என்றார். பாஸ் தண்ணீர்ப் பம்பைக் கழற்றினார். மணல் அரித்து, ரப்பர் இம்பெலரின் இதழ்கள் உடைந்திருந்தன. பிஸ்டனோடு ஒப்பிட்டால் அது அற்ப விலைச் சாமான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. பிஸ்டனுக்கு ஒயில் கிடைப்பது எரிபொருளோடு மட்டுமே. ஆகவே சிறு தவறும் பிஸ்டனில் எழுதப்பட்டுவிடும். சுற்றிவரக் கீறல் என்றால் ஒயில் போதவில்லை. பல எஞ்சின்களுக்கு 50க்கு 1, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினின் கையேட்டையும் பாருங்கள். நான்கு மூலைகளில் ஒரே மாதிரிக் கோடுகள் என்றால், சூடேறும் முன்னரே முழு வேகம் கொடுத்திருக்கலாம், அல்லது சிலிண்டரில் இடைவெளி போதாது. தலையில் ஓட்டை, அல்லது ஓரம் எலி கொறித்தது போலிருந்தால் எரிபொருள் குறைந்து காற்று கூடியிருக்கலாம்: அடைபட்ட கார்பரேட்டர், கிராங்க் சீலில் காற்றுக் கசிவு. பிளக்கின் வெப்ப அளவு, டைமிங் பிழைத்தாலும் அவ்வாறு நேரும்.

காரணம் தெரிந்த பின்னரும் சிலிண்டரை அளக்காமல் புதியதைப் போடக் கூடாது. கீறல் ஆழமென்றால் துளையைப் பெருப்பித்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டிவரும்.

இப்போது எனது கடையில் பழைய பிஸ்டனைப் பார்க்காமல் புதியது கொடுப்பதில்லை. சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போகிறார்கள். பரவாயில்லை. அந்தத் தம்பிக்கு விற்ற இரண்டாவது பிஸ்டனின் இலாபத்தை நான் கணக்கில் எழுதியிருந்தேன். அவருக்கு நேர்ந்த நட்டத்தை எழுதவில்லை. பிஸ்டன் விற்றாலும் பிடவை விற்றாலும், திரும்பி வரும் சாமானை வாதாடித் தள்ளாமல் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். குறை எங்கே என்பதை அதுவே சொல்லும்.