எம்.பி சரி, எந்தக் குழு?

பாரிஸ் லா சப்பல் பக்கம் ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒரு துண்டுப்பிரசுரம் ஒட்டியிருந்தது. நடுவில் கோட் போட்ட வெள்ளைக்காரர், இரண்டு பக்கமும் நம்மவர் நாலைந்து பேர், பின்னால் பன்னிரண்டு நட்சத்திர நீலக் கொடி. “ஐரோப்பிய நாடாளுமன்றம் எம்முடன்” என்று கொட்டை எழுத்து.

முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கடைக்கார அண்ணை கேட்டார்: “தம்பி, மருமகனுக்கு அகதி அலுவலகம் ஒஃப்ப்ராவிலை இருந்து நிராகரிச்சுக் கடிதம் வந்து ஒன்பது நாள். இந்த எம்.பியிட்டைக் குடுத்தால் கேஸ் அசையுமாம். ஒறிஜினலைக் கேட்கினம். குடுக்கவே?”

“இவர் எந்தக் குழு அண்ணை?”

“குழுவோ? எம்.பி எண்டுதான் சொன்னவை.”

பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறுப்பினரின் பெயர் இருந்தது. நாடு இருந்தது. குழு இல்லை, கூட்டத்தை நடத்தியது யார் என்றும் இல்லை. கொடி மட்டும் பெரிதாக இருந்தது.

முதலில் அந்தக் கொடியைப் பார்ப்போம். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல. 1955-இல் அதை முதலில் ஏற்றியது ஐரோப்பியப் பேரவை என்ற வேறோர் அமைப்பு. ஒன்றியம் அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இரண்டின் கட்டடங்களும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இரண்டிலும் ஒரே கொடி. பேரவையில் 46 நாடுகள் இருக்கின்றன. அதற்கும் நாடாளுமன்ற அவை என்று ஒன்று உண்டு, ஆனால் அங்கே உட்காருபவர்கள் அந்தந்த நாட்டு எம்.பிக்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். மனித உரிமைகள் நீதிமன்றமும் பேரவையைச் சேர்ந்ததுதான். ஒன்றியத்தின் நாடாளுமன்றம் இதிலிருந்து வேறு: 27 நாட்டு மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை. முதல் நேரடித் தேர்தல் நடந்தது 1979-இல். கொடிக்கு முன்னால் எடுத்த படம், எந்தக் கட்டடத்தில் எடுத்தது என்பதைக்கூடச் சொல்லாது.

2024 தேர்தலில் இந்தச் சபைக்கு 720 பேர் தெரிவானார்கள். ஜேர்மனிக்கு 96 இடம், பிரான்ஸுக்கு 81, குட்டி மால்டாவுக்கு 6. ஆனால் மண்டபத்துக்குள் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம், ஜேர்மன்காரர் ஒரு பக்கம் என்று இருக்கமாட்டார்கள். நாடு பார்க்காமல் அரசியல் குழுவாகத்தான் அமர்வார்கள். இது புதுப் பழக்கமும் அல்ல. ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி, உருக்குச் சமூகத்தின் சபையாக இருந்த காலத்திலேயே, 1953-இல், அரசியல் குழுக்கள் முறைப்படி ஏற்கப்பட்டுவிட்டன.

குழு அமைக்கக் குறைந்தது 23 உறுப்பினர்கள் வேண்டும், அவர்கள் குறைந்தது ஏழு நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். 2024 ஜூலையில் சபை கூடியபோது எட்டுக் குழுக்கள் இருந்தன. பெரியது 188 பேரோடு ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழு. அடுத்தது 136 பேரோடு சோசலிச ஜனநாயகக் குழு. கடைசிக் குழுவில் 25 பேர்தான், இரண்டு பேர் கூடுதலாக வைத்துக்கொண்டு தப்பியது. எதிலும் சேராதவர்களும் முப்பது பேருக்குமேல் உண்டு.

ஏன் இவ்வளவு பாடுபட்டு ஆள் சேர்க்கிறார்கள்? எல்லாம் குழு வழியாகத்தான் வருகிறது. பேசும் நேரம், பணியாளர், நிதி, துறைக் குழுக்களின் தலைமைப் பதவிகள், எந்தச் சட்ட வரைவுக்கு யார் அறிக்கையாளர் என்பது எல்லாம் குழுவின் பலத்தைப் பொறுத்தது. வாக்கெடுப்பு நேரத்தைப் பார்க்கவேண்டும்: ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வரலாம், எல்லாவற்றையும் யாரும் படித்திருக்க முடியாது. ஒவ்வொரு குழுவின் முன்வரிசையிலும் ஒருவர் கையை உயர்த்தி, கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டுவார். பின்னால் இருப்பவர்களின் விரல் பொத்தானுக்குப் போகும். உறுப்பினர் யாருடைய கட்டளைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்றுதான் விதி சொல்கிறது. மாறி வாக்களித்தால் பதவி போகாது, குழு மாறினாலும் போகாது. ஆனாலும் பெரும்பாலானோர் கட்டைவிரலைத்தான் பார்க்கிறார்கள்.

குழுக்கள் கல்லில் செதுக்கியவையும் அல்ல. 2007 ஜனவரியில், ரூமேனியாவும் பல்கேரியாவும் ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு, தீவிர வலதுசாரிகள் ஒரு குழு அமைத்தார்கள். அப்போது தேவைப்பட்டது 20 பேர். அதே ஆண்டு நவம்பரில், குழுவின் இத்தாலிய உறுப்பினர் அலெஸாந்த்ரா முசோலினி ரூமேனியர்களைப் பற்றி இழிவாகப் பேச, குழுவிலிருந்த ரூமேனியர் ஐவரும் எழுந்து போனார்கள். குழு அன்றோடு முடிந்தது. அந்நியரை வெறுப்பவர்கள் பல நாட்டிலிருந்து ஒன்றுசேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குச் சிரிப்பு வரும். 2014 அக்டோபரில் லத்வியாவைச் சேர்ந்த ஒரே ஒரு உறுப்பினர் விலகியதால், பிரித்தானியாவின் நைஜல் ஃபராஜ் இருந்த குழு ஏழு நாடு என்ற கணக்கில் தவறிக் கலைந்தது; சில நாளில் போலந்திலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

வாக்காளருக்கு இதில் உள்ள ஆபத்து இதுதான்: உங்கள் வாக்குச்சீட்டில் இருப்பது உள்நாட்டுக் கட்சியின் பெயர். அந்தக் கட்சி அங்கே போய் யாரோடு உட்காரும் என்பது பெரும்பாலும் சீட்டில் இருக்காது. இத்தாலியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஐந்து நட்சத்திர இயக்கத்தைத் தெரிந்திருக்கும். 2014-இல் அது ஃபராஜின் குழுவில் சேர்ந்தது. 2017 ஜனவரியில் ஆதரவாளர்களிடம் இணையத்தில் வாக்கெடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தைத் தீவிரமாக ஆதரிக்கும் தாராளவாதக் குழுவின் கதவைத் தட்டியது. அவர்கள் சேர்க்க மறுத்ததும் பழைய வீட்டுக்கே திரும்பியது. 2019-க்குப் பிறகு எந்தக் குழுவிலும் இல்லை. 2024-இல் இடதுசாரிக் குழுவில் போய் இருந்தது. பத்து வருடம் அதே சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர் சபையில் எத்தனை திசைக்குப் பலம் சேர்த்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி இலங்கை விஷயம். 2021 ஜூன் 10 அன்று, பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகள் பற்றி நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 628, எதிர்ப்பு 15, நடுநிலை 40. ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு யோசிக்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. இப்படி ஓர் எண்ணிக்கை எப்படி வந்தது? ஒரு நல்ல மனிதர் எழுந்து பேசியதால் அல்ல. குழுக்கள் தனித்தனியே வரைவு வைத்து, பிறகு ஒன்றாக உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் பேரம் பேசிப் பொது வரைவு ஆக்கினால்தான் அறுநூறைத் தாண்டும்.

அது பெரிய விஷயம்தான். ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது. வரிச்சலுகை நிற்கவில்லை. அந்தச் சலுகை உண்மையாகவே நிறுத்தப்பட்டது 2010-இல். ஆணைக்குழு விசாரித்து, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் சபை முடிவெடுத்தது. 2017-இல் திரும்பக் கொடுக்கப்பட்டது. சட்ட முன்மொழிவை வைக்கும் அதிகாரமும் ஆணைக்குழுவிடம்தான். நாடாளுமன்றம் அதைத் திருத்தலாம், ஏற்கலாம், தள்ளலாம்.

தீர்மானமே இப்படி என்றால், ஓர் உறுப்பினர் கட்டடத்துக்குள் அறை எடுத்து நடத்தும் கூட்டம் எந்த அளவு? அறையைத் தருவது நாடாளுமன்றம், பேசுவது அந்த உறுப்பினர் மட்டும். 2019 அக்டோபர் கடைசியில் இருபதுக்கு மேற்பட்ட ஐரோப்பிய எம்.பிக்கள் காஷ்மீருக்குப் போனார்கள். “ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு வருகை” என்று செய்தி பறந்தது. அது தனிப்பட்ட பயணம், நாடாளுமன்றம் அனுப்பியது அல்ல. போனவர்களில் பெரும்பாலானோர் வலதுசாரி, தீவிர வலதுசாரிக் கட்சிக்காரர். முறைப்படி அனுப்பப்படும் தூதுக்குழுவில் பல அரசியல் குழுக்களின் ஆட்களும் கலந்திருப்பார்கள். ஒரே நிறம் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

காசு இன்னொரு ஆபத்து. 2022 டிசம்பரில் பெல்ஜியப் பொலிஸார் நடத்திய சோதனைகளில் ஏறக்குறைய 15 இலட்சம் யூரோ நோட்டாகவே கிடைத்தது. உறுப்பினர் சிலர் வெளிநாடுகளிடம் பணம் வாங்கிச் சபையில் சாதகமாக நடந்தார்கள் என்பது சந்தேகம். துணைத் தலைவர் ஒருவரின் பதவியை நாடாளுமன்றம் சில நாளிலேயே பறித்தது; அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். அதற்குப் பிறகு, 2023-இல், விதிகள் இறுகின. பரப்புரையாளர்களோடும் வெளிநாட்டுப் பிரதிநிதிகளோடும் நடத்தும் சந்திப்புகளை எல்லா உறுப்பினரும் வெளியிடவேண்டும். உத்தியோகபூர்வ வேலையோடு குழப்பும் ‘நட்புக் குழு’க்களுக்கும் தடை வந்தது. ஆகவே ஒருவர் பெயரை நாடாளுமன்றத் தளத்தில் தேடினால் அவர் எந்தக் குழு, எந்தத் துறைக் குழு, யாரைச் சந்தித்தார் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். பெயர் குறித்து எடுத்த வாக்கெடுப்புகளின் பட்டியலும் அங்கேயே உண்டு. திறந்து பார்த்தால் விளங்கும்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் முதலில் குழுவின் சுருக்கப் பெயர், பிறகுதான் உறுப்பினர் பெயர்கள். குழு தெரியாதவர் அந்தப் பெயர்க் காட்டுக்குள் தேடித் தேடிக் களைத்துப்போவார்.

உறுப்பினர் உங்களைச் சந்திக்கக் காசு கேட்க எந்த விதியும் இல்லை. இடையில் நின்று ‘பதிவுக் கட்டணம்’ கேட்கிறவர் அந்தக் காசைப் போடுவது தன்னுடைய பைக்குள்தான்.

நமக்குள்ள உரிமைகள் சிறியவை அல்ல. ஒன்றியத்தின் ஏதாவது ஒரு நாட்டுக் குடியுரிமை இருந்தால், வேறோர் ஒன்றிய நாட்டில் குடியிருந்தாலும் அங்கேயே இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். டென்மார்க் பாஸ்போட்டோடு பிரான்ஸில் இருப்பவர் இங்கே வாக்காளர் பட்டியலில் பதியவேண்டும், தானாக வராது. இரண்டு நாட்டிலும் வாக்குப் போடுவது குற்றம். ஒரு ஜேர்மன் வார இதழின் ஆசிரியர், இரட்டைக் குடியுரிமைக்காரர், 2014-இல் இரண்டு தடவை வாக்களித்ததைத் தொலைக்காட்சியில் சாதாரணமாகச் சொல்லப்போய் விசாரணையில் மாட்டினார். சுவிஸும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை. பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது, அதன் 73 உறுப்பினர்களும் அத்தோடு போனார்கள். ஜேர்மன் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு மாறியவர்கள் ஏராளம் பேர். அவர்கள் நிபந்தனைகளோடு ஜேர்மன் பட்டியலில் விண்ணப்பித்து வாக்களிக்க வழி உண்டு.

நம்மவர் குறைவாகப் பயன்படுத்துவது மனு உரிமை. இதற்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை, ஒன்றிய நாட்டில் வசித்தாலே போதும். செலவு இல்லை. 24 அலுவல் மொழிகளில் ஒன்றில் எழுதவேண்டும். தமிழ் அதில் இல்லை, ஆகவே பிள்ளைகளின் பிரெஞ்சோ ஜேர்மனோ கைகொடுக்கும். விஷயம் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: மனுக்கள் பகிரங்க ஆவணம். பெயர், முகவரி, தேசியம் இல்லாமல் மனு எடுபடாது, ஆனால் பெயரை வெளியிடாதே என்று கேட்கலாம். ஊரில் தாய் தகப்பன் இருக்கிறவர்கள் அதற்கான கட்டத்தைக் குறிக்காமல் அனுப்பக்கூடாது. ஒன்றிய நிறுவனம் ஒன்று கடிதத்துக்குப் பதில் தராமல் இழுத்தடித்தால், விஷயம் தெரிந்த இரண்டு வருடத்துக்குள் ஐரோப்பியக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பிரெஞ்சு அலுவலகத்தின் தவறை அங்கே கொண்டுபோக முடியாது.

கடைக்கார அண்ணையின் மருமகனுக்கு இவை எதுவும் மருந்தில்லை. அகதிக் கோரிக்கையை ஒஃப்ப்ரா நிராகரித்தால், புகலிட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய ஒரு மாதம். அதற்கு இலவசச் சட்ட உதவி கேட்கவேண்டுமென்றால் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள். ஒன்பது போய்விட்டது. நாட்டு நீதிமன்றங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமைகள் நீதிமன்றம். கடைசித் தீர்ப்பிலிருந்து இப்போது நாலு மாதம், முன்பு ஆறு. இந்தப் படிகள் எதிலும் எம்.பிக்கு இடமில்லை, எந்தக் குழுவாக இருந்தாலும்.

“அப்ப ஒறிஜினல்?”

“ஒருத்தரிட்டையும் குடுக்காதேங்கோ. உறையையும் எறியவேண்டாம், திகதி அதிலைதான் இருக்கு. திங்கட்கிழமை சட்ட உதவிக்குப் போட்டிடுங்கோ.”

கடிதத்தை உறையோடு மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிரசுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், கழற்றவில்லை. ஒட்டினவர்கள் மாதம் மாதம் அவரிடம் அரிசி வாங்குகிறவர்கள்.