ஆடும் குழந்தையும் அணில் லேபிளும்

படங்கள் போன பாதை – 9

வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் சித்திரம் எழுதி, அதிலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கும் வித்தையை மியூனிக் நகரில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796-ல் கண்டறிந்ததையும், அவ்வித்தை காலக்கிரமத்தில் நமது சிவகாசிக்கு வந்து வேரூன்றியதையும் சென்ற வாரம் பார்த்தோம். கல்லும் காகிதமும் மையும் இன்றியே உலகத்தைச் சுற்றி வந்த ஒரு சித்திரத்தின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்லப் புகுகிறேன். அதை அறிந்துகொண்டால், விருதுநகர்ச் சீமையின் தீப்பெட்டி லேபிள்களுக்கு நேர்ந்த கதியும் நமக்குத் தெளிவாக விளங்கும்.

1996-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஆட்டோடெஸ்க் ஸ்தாபனத்தின் கிளையாகிய கைனெட்டிக்ஸ், கணினித் திரையில் உருவங்களை நடமாடச் செய்யும் ‘கேரக்டர் ஸ்டூடியோ’ என்னும் மென்பொருளை வெளியிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அதை ஆக்கியவர்கள் மைக்கேல் ஜிரார்டும் சூசன் அம்கிராட்டும். முதலில் ஓர் எலும்புக்கூட்டுக்கு அசைவைக் கற்பித்துவிட்டு, பிறகு அதே அசைவை நெட்டை, குட்டை எந்தச் சரீரத்துக்கும் பொருத்திவிடலாம் என்பது அதன் விசேஷம். இந்தச் சக்தியைப் பிரத்தியட்சமாகக் காட்டுவதற்காக, கியூபாவில் பிறந்த சா-சா நடனத்தின் அசைவுகளை, இடையில் அணையாடை மட்டும் கட்டிய ஒரு குழந்தையின் உருவத்துக்கு ஜிரார்டும் ராபர்ட் லூரியும் பொருத்தி, மென்பொருளோடு மாதிரிக் கோப்பாகச் சேர்த்து அனுப்பினார்கள். தவழ வேண்டிய பருவத்துச் சிசு, பெரியவர்களைப் போல் இடுப்பை ஒசித்துக் கைகளை வீசி ஆடிய அந்தக் காட்சி, பார்த்தவர்களுக்கு ஒருபுறம் சிரிப்பையும் மறுபுறம் இனம் தெரியாத ஒரு கூச்சத்தையும் உண்டாக்கிற்று.

லூகாஸ்ஆர்ட்ஸ் ஸ்தாபனத்தில் பணியாற்றிய ரான் லூஸியர் அந்தக் கோப்பைக் கண்டு, சில திருத்தங்கள் செய்து, மின்னஞ்சலில் தம் சகாக்களுக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் சிநேகிதர்களுக்கு அனுப்ப, குழந்தை புறப்பட்டுவிட்டது. ஜான் உடெல் என்பவர் அதைச் சிறியதோர் ‘ஜிஃப்’ படமாகச் சுருக்கித் தந்ததும் அதன் வேகம் பன்மடங்காயிற்று. கம்ப்யூசர்வ் கம்பெனியில் ஸ்டீவ் வில்ஹைட்டும் அவர் குழுவினரும் 1987-ல் வகுத்த அம்முறையில் ஒரு படத்துக்கு 256 நிறங்களே உண்டு. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியாகத் தவழ்ந்து வந்த அந்நாளைய இணையத்துக்கு அந்தச் சிக்கனமே பேருதவியாக இருந்தது. 1989-ல் செய்த திருத்தத்தால் பல படங்களைக் கால இடைவெளி விட்டு அடுத்தடுத்துக் காட்டவும், நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு வந்த பின் அவற்றை முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓட்டவும் முடிந்ததால், குழந்தை ஓய்வின்றி ஆடிற்று. நம் தேசத்தில் விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்து ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்த சமயம் அது.

1998 ஜனவரியில் ‘ஆலி மெக்பீல்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில், தாய்மைக்கு ஏங்கும் பெண் வழக்கறிஞரின் மனமயக்கத்தில் அக்குழந்தை தோன்றி ஆடிய பிறகு, கணினியே அறியாத இல்லங்களிலும் அது பிரசித்தி பெற்றது. சாமுராய் வேஷத்தில் ஒன்றும், குடித்துத் தள்ளாடுவதுபோல் ஒன்றுமாக, யார் யாரோ அதற்குப் புதுப்புது அவதாரங்கள் கொடுத்தார்கள். பரவப் பரவ, ஆக்கியவர்களின் பெயர்கள் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துபோயின.

இந்த விசித்திரம் சிவகாசிக்குப் புதிதன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாள் முதலாக, இவ்வூரின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள் தேவைப்பட்டது. ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியின் ஆதரவில் 1923-ல் தோன்றிய ‘விம்கோ’ பெரும் இயந்திரங்களோடு சந்தையில் நிற்க, கையால் தீக்குச்சி அடுக்கிய சிறு தொழிற்சாலைகளுக்குத் தங்கள் சரக்கை அடையாளம் காட்ட அந்தச் சிறு காகிதத் துண்டே துணையாயிற்று. எழுத்து அறியாதவரும் கடையில் நின்று ‘அணில் பெட்டி கொடு’ என்று கேட்கலாம் அல்லவா? விற்பனையில் ஓங்கிய லேபிளைப் பார்த்து, வால் நிறத்தை மாற்றியும், முகத்தைத் திருப்பியும், பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும் வேறு லேபிள்கள் முளைத்தன. பட்டாசு வந்தபோது சேவலும் அணிலும் லட்சுமியும் குருவியும் அட்டைப்பெட்டிகளில் ஏறி, தீபாவளிதோறும் லாரிகளில் வடதேசத்துக்குப் பிரயாணம் செய்தன. 

ஆடும் குழந்தைக்கும் அணில் லேபிளுக்கும் பொதுவான லக்ஷணங்களை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் உருவத்தில் சிறியவை. பிரதி எடுக்க எளியவை. பாஷையின் உதவியின்றிப் புரிபவை. கை மாறும்போது திருத்தத்துக்கு இடம் கொடுப்பவை. ஒரு சித்திரம் தேசம் விட்டுத் தேசம் போவதற்கு இந்த நான்கு குணங்களும் போதும். அதை எழுதியவன் யார் என்ற ஞாபகம் அதன் பிரயாணத்துக்கு அவசியப்படுவதில்லை. பரவுதலின் பலமும் பாவமும் இதுவே என்பது என் துணிபு.

ஆனால் ஒரு பேதம் உண்டு. குழந்தையை ஆடவைத்தவர்களைப் பிற்காலத்தில் தேடிச் சென்றவர்கள் அவர்களைக் கண்டுபிடித்துப் பெயரையும் பணியையும் பதிவு செய்துவிட்டார்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் தெய்வப் படங்களில் அவருடைய கையெழுத்தேனும் இருந்தது. லேபிள் எழுதியவர்களுக்கோ அதுவும் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில், பிறகு தனித்தனித் தகட்டில், மயிரிழை பிசகாமல் கோடு பொருந்தும்படி எழுதிய அந்தக் கரங்கள், கோடானுகோடி வீடுகளின் அடுப்பங்கரையில் தங்கள் சித்திரத்தைச் சேர்ப்பித்துவிட்டு, அடையாளமின்றி மறைந்தன. இதை நான் பெரிய நஷ்டமாகக் கருதுகிறேன்.

ஆகவே சிவகாசி, சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில், அச்சகத்து அலமாரியில், பழைய லேபிள் கட்டுகள் கிடந்தால் அவற்றைக் கிழிசல் காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றை எழுதியவரை அறிந்த முதியவர் ஒருவரேனும் இருந்தால், இந்த வாரமே அவரிடம் சென்று கேட்டு, ஒவ்வொரு லேபிளின் பின்புறத்திலும் ஓவியரின் பெயரையும் ஊரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம்: நாடகத் திரையிலிருந்து காலண்டருக்கு – கொண்டையராஜுவும் அவர் சீடர்களும்.

(தொடரும்)