உருதுச் செய்தி வாசித்த முதற் பெண்மணி

செய்தி கேட்கும் வேளையில் வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று நாம் இன்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், பெண்குரல் செய்திக்கு ஏற்றதன்று என்று பலர் கருதிய காலமும் இருந்தது. அக்கருத்தைத் தம் உழைப்பால் பொய்யாக்கியவர்களுள் ஒருவர் சயீதா பானு அம்மையார். அகில இந்திய வானொலியில் உருது மொழிச் செய்தியை வாசித்த முதற் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்கு உரியது.

அம்மையார் 1913ஆம் ஆண்டில் போபால் நகரில் பிறந்தார். போபால் அந்நாளில் பேகம்கள் என்னும் அரசியர் ஆண்ட நாடு. அவர் பிறந்தபோது ஆட்சி செய்த சுல்தான் ஜஹான் பேகம், பெண் கல்வியில் பேரார்வம் கொண்டவர். பின்னாளில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் விளங்கினார். பெண் ஒருவர் நாடாளுவதைக் கண்டு வளர்ந்த சயீதா பானு, பின்னர் லக்னோவில் கல்வி பயின்றார். அங்கேயே நீதிபதி ஒருவருக்கு இளவயதில் மணம் செய்விக்கப்பட்டார்.

1938ஆம் ஆண்டில் லக்னோ வானொலி நிலையம் தொடங்கியது. அம்மையார் மகளிருக்கும் சிறுவர்க்கும் உரிய நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். குடும்பப் பெண்கள் பலர் திரைமறைவில் வாழ்ந்த காலம் அது. முகம் காட்டத் தடையிருந்த இடத்திலும் குரல் சென்று சேர வானொலி வழிசெய்தது.

மணவாழ்க்கை அவருக்கு இன்பம் தரவில்லை. ஆகவே, தம் காலில் தாமே நிற்பதெனத் துணிந்தார். 1947 ஆகஸ்டு மாதம், இளைய மகனை அழைத்துக்கொண்டு தில்லிக்குச் சென்று செய்தி வாசிப்பாளர் பணியை ஏற்றார். நாடு விடுதலை பெற்ற அதே நாள்களில் அப்பெண்மணியும் தம் வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார் எனலாம்.

ஆயினும் அது மகிழ்ச்சி மட்டுமே நிறைந்த காலமன்று. நாடு இரண்டாகப் பிரிந்தது. வானொலி நிலையங்களும் பிரிந்தன: லாகூர், பெஷாவர், டாக்கா ஆகிய மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின, தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ ஆகிய ஆறும் இந்தியாவில் நின்றன. தில்லித் தெருக்களில் கலவரம் மூண்டது. எண்ணற்றோர் வீடிழந்து எல்லை கடந்தனர். அத்தகைய நாள்களில் தில்லியை விட்டு நீங்காமல் தம் பணியைத் தொடர்ந்தார் அம்மையார்.

செய்தி வாசிப்பது எளிய செயலென்று நாம் எண்ணிவிடலாகாது. உருது எழுத்தில் குற்றுயிர் ஒலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. சொல்லை முன்னரே அறிந்தவரே பிழையின்றி ஒலிக்க இயலும். ஆகவே வாசிப்பவருக்கு மொழியறிவு ஆழமாக வேண்டும். தம் விருப்பு வெறுப்பு குரலில் தோன்றாமல் காத்தலும் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவர்க்கு வானொலியே செய்தித்தாள். அங்கே ஒரு சொல் பிறழ்ந்தால் கேட்போர் உள்ளமும் பிறழும்.

பின்னாளில் அம்மையார் உருது நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும் பணியாற்றினார். முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை உருது மொழியில் எழுதினார். 'வழக்கமான பாதையை விட்டு விலகி' என்பது அந்நூற்பெயரின் பொருள். 2001ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2020ஆம் ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

மாணவச் செல்வங்களே! அம்மையாருக்குத் துணைநின்றவை தாய்மொழித் தேர்ச்சியும் மனத்துணிவுமே. நாள்தோறும் பாடத்தை வாய்விட்டுத் திருத்தமாகப் படியுங்கள். பெற்றோர்களே! தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு, ஆண்பிள்ளையின் படிப்பு வேறு, பெண்பிள்ளையின் படிப்பு வேறு என்னும் எண்ணம் வேண்டா. கைத்தொழிலும் கல்வியும் உள்ள பெண், துன்பம் வந்த நாளில் தன்னையும் காப்பாள். தன் மக்களையும் காப்பாள்.