அனுப்பிய மெயில் போய்ச் சேரலையா? உங்கள் மெயில் சர்வர் கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

பெரம்பலூரில் ஒரு உழவர் குழு, சின்ன வெங்காயத்துக்கான விலைப்பட்டியலைச் சென்னை வியாபாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரி வியாபாரி வெளியூர் ஆர்டருக்குப் பதில் போடுகிறார். அரியலூரில் ஒரு லாரி அலுவலகம் சிமென்ட் ஆலைக்கு மாத பில்லை அனுப்புகிறது. "அனுப்பியாச்சுங்க" என்கிறார்கள் இவர்கள். "எங்களுக்கு வரவே இல்லையே" என்கிறார்கள் அவர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மெயில் கிளம்பியிருக்கும்; ஆனால் எதிர்முனையின் சர்வர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். உங்கள் மெயில் சர்வரின் ஐபி முகவரி, ஸ்பேம் அனுப்புவோரின் கருப்புப் பட்டியலில் சேர்ந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படிச் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கையிலுள்ள ஸ்மார்ட்போனிலேயே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

கருப்புப் பட்டியல் என்றால் என்ன?

வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல, இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. 192.0.2.45 என்பதுபோல இருக்கும். எந்த ஐபியிலிருந்து வேண்டாத மெயில்கள் குவிகின்றன என்பதைச் சில அமைப்புகள் கண்காணித்துப் பட்டியல் போடுகின்றன. இந்த முறையை 1997இல் அமெரிக்கப் பொறியாளர் பால் விக்ஸி தொடங்கிவைத்தார். இன்று உலகம் முழுக்கப் பெரிதும் பயன்படும் பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ், 1998இல் தொடங்கப்பட்டது. இவை தனியார் அமைப்புகள். அரசு போடும் பட்டியல் அல்ல.

உங்கள் மெயில் வந்ததும், எதிர்முனை சர்வர் "இந்த எண் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கும். "இருக்கிறது" என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

நான் ஸ்பேமே அனுப்பலையே?

பட்டியலில் பெயர் வந்தவர்களெல்லாம் மோசடிக்காரர்கள் இல்லை. 2012இல் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கில், உலகிலேயே அதிகம் ஸ்பேம் கிளம்பும் நாடாக இந்தியா இருந்தது. அதில் பெரும்பகுதி, வைரஸ் தொற்றிய கணினிகளிலிருந்து உரிமையாளருக்கே தெரியாமல் போனவை.

இன்னொரு காரணம், பக்கத்து வீட்டுக்காரர். குறைந்த கட்டண ஹோஸ்டிங்கில் பல நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பகிர்ந்துகொள்கின்றன. பட்டறையில் ஒரு வெங்காயம் அழுகினால் பக்கத்தில் கிடப்பதும் கெட்டுப்போகும் அல்லவா? அதே கதைதான். யாரோ ஒருவர் ஸ்பேம் அனுப்பினாலும் அந்த ஐபியில் உள்ள அத்தனை பேரின் மெயிலும் நிற்கும்.

யாருக்கு இந்தச் சோதனை தேவை?

ஜிமெயில், யாகூ போன்ற இலவசக் கணக்கிலிருந்து அனுப்புபவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த சர்வர்களை அந்த நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும். சொந்த டொமைன் பெயரில், அதாவது கடை, பள்ளி, அறக்கட்டளை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றின் பெயரில் மெயில் முகவரி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது தேவை.

போனிலேயே சோதிக்கும் முறை

1. திரும்பி வந்த மெயிலைப் படியுங்கள். "மெயில் டெலிவரி" என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கும். பலர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அதில் 550 அல்லது 554 என்ற எண்ணும், "பிளாக்டு" என்ற சொல்லும், ஓர் ஐபி முகவரியும், பட்டியலின் பெயரும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. "யூசர் நாட் ஃபவுண்ட்" என்று இருந்தால் நீங்கள் முகவரியைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

2. சர்வரின் ஐபியைக் கண்டுபிடியுங்கள். திரும்பி வந்த கடிதத்தில் ஐபி இல்லையென்றால், உங்கள் நிறுவன முகவரியிலிருந்து உங்களுடைய ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியிலோ, போனின் குரோமில் "டெஸ்க்டாப் சைட்" என்பதைத் தேர்வு செய்தோ ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளிகளைத் தொட்டு "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எஸ்பிஎஃப்" என்ற வரியில் ஓர் ஐபி தெரியும். அதுதான் மெயிலை அனுப்பிய சர்வரின் எண்.

3. அந்த எண்ணைச் சோதியுங்கள். ஸ்பாம்ஹாஸின் இணையதளத்தில் உள்ள சோதனைப் பக்கத்தில் எண்ணை இட்டுப் பாருங்கள். எம்எக்ஸ் டூல்பாக்ஸ் தளத்தின் "பிளாக்லிஸ்ட் செக்" பக்கம் பல பட்டியல்களை ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். இரண்டும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: "என் ஐபி என்ன?" என்று போனில் தேடி, வருகிற எண்ணைச் சோதிக்காதீர்கள். அது உங்கள் மொபைல் இணைப்பின் எண். மெயில் சர்வரின் எண் அல்ல. ஒரே மொபைல் எண்ணைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் அது ஏதாவது ஒரு பட்டியலில் இருப்பது சாதாரணம்.

முடிவு என்ன சொல்கிறது?

ஸ்பாம்ஹாஸில் பல பட்டியல்கள் உண்டு. "எஸ்பிஎல்" என்றால் அந்த ஐபி ஸ்பேமோடு நேரடியாகத் தொடர்புடையது என்று பொருள். "எக்ஸ்பிஎல்" என்றால் அந்த ஐபிக்குப் பின்னால் வைரஸ் தொற்றிய கருவி இருக்கிறது. "பிபிஎல்" என்பது குற்றப் பட்டியலே அல்ல. வீட்டு பிராட்பேண்டு, மொபைல் போன்ற இணைப்புகளிலிருந்து சர்வர் வழியாக இல்லாமல் நேரடியாக மெயில் வரக்கூடாது என்பதற்கான பட்டியல் அது. வீட்டு இணைப்பின் எண் அதில் இருந்தால் பயப்பட வேண்டாம்.

பெயரை நீக்குவது எப்படி?

முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன்பே நீக்கச் சொல்லி விண்ணப்பித்தால், இரண்டொரு நாளில் பெயர் மறுபடியும் ஏறிவிடும்.

• எல்லா மெயில் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

• அலுவலகக் கணினிகளில் வைரஸ் சோதனை செய்யுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் சுவச்சதா கேந்திரா இணையதளத்தில் இதற்கான இலவசக் கருவிகள் கிடைக்கும்.

• இணையதளத்தின் "தொடர்புக்கு" படிவம் வழியாக யாராவது ஸ்பேம் அனுப்புகிறார்களா என்று தளம் வடிவமைத்தவரிடம் கேளுங்கள்.

• ஐபி ஹோஸ்டிங் நிறுவனத்துடையது என்றால், திரும்பி வந்த கடிதத்தையும் சோதனை முடிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. இழுத்தடித்தால் வேறு ஐபி கேளுங்கள்.

சில பட்டியல்களில் விண்ணப்பமே தேவையில்லை. உதாரணமாக ஸ்பாம்காப் பட்டியலில், கடைசிப் புகாருக்குப் பிறகு 24 மணி நேரம் புது ஸ்பேம் வராவிட்டால் பெயர் தானாகவே நீங்கிவிடும்.

பட்டியலில் பெயர் இல்லை, ஆனாலும் மெயில் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகிறதா? உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளப் பதிவுகளும் செய்யப்பட்டுள்ளனவா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் மெயில் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கட்டாயமாக்கியுள்ளது. குறைவாக அனுப்புபவர்களுக்கும் இவை இருப்பது நல்லது.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

"உங்க ஐபியை அரசாங்கம் கருப்புப் பட்டியல்ல சேர்த்துடுச்சு, உடனே பணம் கட்டலைன்னா கேஸ் ஆகிடும்" என்று யாராவது போனில் மிரட்டினால், அது மோசடி. ஸ்பாம்ஹாஸ் தன் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. ஓடிபி சொல்லாதீர்கள், அவர்கள் அனுப்பும் செயலியைப் பதிவிறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம்.

கடைசி தேதி உள்ள விண்ணப்பம், விலைப்புள்ளி போன்றவற்றுக்கு ஒரு நாள் தாமதமும் பெரிய நஷ்டம். பட்டியலிலிருந்து பெயர் நீங்கும் வரை அவற்றை ஜிமெயில் போன்ற வேறு கணக்கிலிருந்து அனுப்புங்கள். அனுப்பியதோடு விடாமல் ஒரு போன் போட்டு, "வந்துருச்சுங்களா?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.